24 மணித்தியால மகாராணி

புருவ லமினேசன் செய்துகொண்டு வந்த பெண்ணை யாழ்ப்பாணத்தில் கண்டுபிடிக்கப் புருவத்தைப் பார்க்கத் தேவையில்லை. குசினி வாசற்படியோடு நின்றுகொள்கிறாளா என்று பார்த்தால் போதும்.

பியூட்டி பாலரில் முக்கால் மணித்தியாலம் கண்ணை மூடிப் படுத்திருந்துவிட்டு வந்திருப்பாள். புருவ மயிரை மேல்நோக்கி வாரி ஒட்டி, முதலில் ஒரு மருந்து பூசுவார்கள். அதிலுள்ள தயோகிளைக்கோலேட் மயிருக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளைத் தளர்த்தும். இரண்டாவது மருந்து அவற்றைப் புதிய சாய்வில் இறுக்கும். தலைமயிரைச் சுருட்டும் 'பேர்ம்' செய்வதும் இதே வித்தையால்தான். அங்கே நேர்மயிர் சுருளும். இங்கே படுத்த மயிர் எழும்பும். ஆறு கிழமை அளவுக்கு நிற்கும். ஆனால் முதல் 24 மணித்தியாலம் தண்ணீர், நீராவி, வியர்வை, எண்ணெய் ஒன்றும் படக்கூடாது.

இதில் யாழ்ப்பாணத்துக் குடும்ப வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. நீத்துப்பெட்டியில் புட்டு அவித்தால் ஆவி. இடியப்பம் என்றாலும் அதே ஆவி. மிளகாய் வறுத்தால் வியர்வை. கத்தரிக்காய் பொரித்தால் எண்ணெய். கிணற்றடிப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. செத்த வீட்டுக்குப் போனால் அழவேண்டும், வந்து தோயவேண்டும்; ஆகவே மாமி தனியே போவா.

"இஞ்சாருங்கோ, புட்டை நீங்களே அவியுங்கோ. குழைக்கிற பக்குவம் நான் சொல்லித்தாறன்" என்று மின்விசிறிக்குக் கீழிருந்து உத்தரவு வரும். அன்றைய புட்டு பல்லை உடைக்கும். பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளுக்கும் அவளிடம் தனிப் பஞ்சாங்கம் உண்டு. 24ஆம் நாள் தேர், 23ஆம் நாள் சப்பறம். ஆகவே 21ஆம் நாளே பாலர். அதற்கும் இரண்டு நாள் முன்னதாகக் காதுக்குப் பின்னால் மருந்தைத் தொட்டு ஒவ்வாமை பார்க்கவேண்டும். அதற்கென்று அரை நாள் ஓய்வு. தேரன்று கெடு முடிந்திருந்தாலும் திருநீற்றை நடுநெற்றியில் பொட்டளவுதான் வைப்பாள். கர்ப்பூரச் சுடரைத் தொட்டுக் காற்றில் ஒற்றிக்கொள்வாள்.

இத்தனையும் புருவத்துக்காக என்று நம்பும் ஒரே ஆள் அவளுடைய கணவர். காய்ச்சல் என்று அவள் படுத்தால் பனடோல் கொடுத்து எழுப்பிவிடுகிற வீடு அது. தலையிடி என்றால் ஒரு கோப்பி. அதையும் அவளே போட்டுக் குடிக்கவேண்டும். ஆனால் காசு கொடுத்துச் செய்த புருவம்! பிழைத்தால் காசு அநியாயம். ஆகவே, தண்ணீர்ச் செம்போடு யார் பக்கத்தில் வந்தாலும் வீடே பதறித் தடுக்கிறது. உடம்புக்குக் கிடைக்காத ஓய்வை அவள் புருவத்தின் பேரில் வாங்கிக்கொள்கிறாள். விலையைப் பார்த்தால் மலிவுதான்.

"எங்கட காலத்தில மை பூசினால் காணும்" என்று முதல் நாள் முகத்தைச் சுழித்த மாமிக்கு வயது எழுபது. புருவத்தில் மிச்சம் ஏழெட்டு மயிர். மறுநாள் பின்னேரம், ஆவி பறக்கும் இடியப்பத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, மருமகளின் கதிரையடிக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டா:

"பிள்ளை, உந்த மருந்தில ஒரு கிழமை காயவிடுற சாதி ஒண்டும் இல்லையோ?"