மனை வாங்கப் போற மவராசனுக்கு

குந்துடா. காப்பி வருது. அந்தப் பளபளா நோட்டீசை இப்படிக் குடு, கண்ணாடி போட்டுக்கினு படிக்கறேன். "பரந்தூர் விமான நிலையம் மிக அருகில். கிழக்குப் பார்த்த மனைகள். முதலில் வருவோருக்குத் தங்கக் காசு." பேஷ். ஏரோப்ளேன் இன்னும் எறங்கல, நோட்டீசு எறங்கிடுச்சு.

2022-ல அறிவிச்சாங்க, மெட்ராசுக்கு ரெண்டாவது ஏர்போர்ட்டு பரந்தூர்லன்னு. அப்போலேர்ந்து ஏகனாபுரத்து சனங்க, எங்க வயலையும் ஏரியையும் உட்டுட்டுப் போவமாட்டோம்னு ராவுல கூடிக் குந்திப் போராடினாங்க. அங்க ஒருத்தன் இருக்கற வீட்டை உடமாட்டேன்னு நிக்கறான். இங்க நீ, இல்லாத வீட்டுக்கு அட்வான்சு குடுக்க நிக்கற. நடுவுல தரகர் சிரிச்சிக்கினு நிக்கறாரு. நீ இன்னா பைலட்டா? உனக்கு சோலி ஒரகடத்துல. விடிகாலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸு எந்த முக்குல நிக்கும்னு அந்த நோட்டீசுல போட்டிருக்கா? போடல. அதுதான்டா உனக்கு ஏர்போர்ட்டு.

"விலை ஏறும்ல பெரியப்பா"ங்கற. ஏறும். ஏறினா வித்துடுவியா? விப்பேன்னா நீ வீடு வாங்க வரல, சூதாட வந்திருக்க. அதுக்கு என்னாண்ட இன்னாத்துக்கு யோசனை? விக்கமாட்டேன்னா, விலை ஏறினா உனக்கு இன்னா, ஏறாட்டி இன்னா? சொத்து வரிதான் ஏறும்.

இந்தக் காஞ்சிபுரத்துல சேலை எடுக்க வர்றவங்க முந்தானையை விரிச்சுப் பாத்து மயங்குவாங்க. நெய்யறவன் புரட்டிப் பாப்பான். உள்பக்கத்துலதான் ஊடைநூல் எங்க அறுந்துது, கோர்வை எங்க பிசகிச்சுன்னு தெரியும். ஏரியாவையும் அப்படிப் புரட்டிப் பாருடா. மெயின் ரோட்டு ஆர்ச்சையும் பேரிச்சம் மரத்தையும் பாக்காத, பின்னால போ.

பின்னால போனா முதல்ல தெரியறது தண்ணி. நான் 40 வருஷத்துக்கு மேல குழித்தறியில கால் தொங்கப்போட்டு நெய்தவன். தறிக்குழிக்குப் பொய் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில எந்தத் தெருவுல குழியில தண்ணி ஊறுது, எந்தத் தெருவுல ஊறலைங்கறது எங்க பிள்ளையார்பாளையத்துல ஒவ்வொரு நெசவாளிக்கும் மனப்பாடம். ஊறினா தறி நிக்கும், தறி நின்னா கூலி நிக்கும். அதனால இஞ்சினியர் வரைஞ்ச மேப்பை உட இந்த நெசவாளிங்க சொல்றது சரியா இருக்கும். நீ பாக்கற தெருவுல ஒரு பழைய தறிக்காரர் இருந்தா, அவரை டீக்கடைக்குக் கூட்டிக்கினு போய் ஒரு வடை வாங்கிக் குடு. தரகருக்கு நீ குடுக்கற கமிஷன்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட ஆவாது.

மஞ்சள் நீர் கால்வாய்னு கேள்விப்பட்டிருப்ப. கோயில் அபிஷேகத் தண்ணி ஓடினதுன்னு சொல்லுவாங்க, அதனாலதான் அந்தப் பேரு. இப்போ அதுல ஓடறது இன்னாங்கறதுக்கு மூக்கே சாட்சி. அது போய்ச் சேர்ற எடம் நத்தப்பேட்டை ஏரி. "லேக் வியூ மனை"ன்னு எவனாவது சொன்னா, எந்த லேக்குன்னு கேளு. பேரைக் கேட்ட பிறவு காத்து எந்தப் பக்கம்னும் கேளு.

வேகவதி ஆறும் அப்படித்தான். வருஷத்துல பத்து மாசம் முள்ளுச் செடியும் குப்பையுமா கெடக்கும். தெரியாதவன் பாத்தா காலி நெலம்னு நினைச்சுக்குவான். நினைச்சுத்தான் கரையில எத்தினியோ குடும்பம் வீடு கட்டிக்கினாங்க. 2015 மழையில அது நான் ஆறுதான்னு வந்து சொல்லிச்சு. அப்புறம் அவங்களுக்குக் கீழ்க்கதிர்ப்பூர்ல சர்க்கார் வாரியம் அடுக்குமாடி கட்டிச்சு. வீடு நல்ல வீடு, காங்கிரீட்டு, கக்கூசு எல்லாம் இருக்குது. ஆனா போவ மாட்டேன்னு நெறைய பேர் அடம் புடிச்சாங்க. ஏன்? சோலி இங்க, பள்ளிக்கூடம் இங்க, வீடு அங்க. அதிகாரிங்க அதைப் பிடிவாதம்னாங்க. நீ கொண்டாந்த நோட்டீசை நம்பி, அந்தக் கீழ்க்கதிர்ப்பூரை உடத் தூரமான எடத்துக்குக் காசு குடுத்துப் போவப் பாக்கற. அவங்களையாவது சர்க்கார் அனுப்பிச்சுது. உன்னை யாருடா அனுப்பறது?

சரி, கோச்சிக்காத. காப்பியைக் குடி.

அடுத்தது கோயில். இந்த ஊர்ல கல்லெடுத்து வீசினா கோயில்ல படும்னு சொல்றாங்கல்ல, அதுல பாதிக் கல்லு கோயில் நெலத்துலதான் வுழும். தெருத்தெருவா அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமா இருக்கும். மேல இருக்கற கட்டடம் மட்டும் அவன்து. மூணு தலைமுறையா இருக்கோம்னு சத்தியம் பண்ணுவான். பொய்யில்ல, இருக்கான்தான். அதுக்காக மண்ணு அவன்து ஆயிடாது. சிவன் சொத்து குல நாசம்னு பெரியவங்க சொன்னதை நீ நம்பாட்டிப் போ, சப் ரிஜிஸ்ட்ரார் நம்புவாரு. அறநிலையத் துறை ஆட்சேபம் இருக்கற சர்வே நம்பரை அவர் பதிய மாட்டாரு. அட்வான்சு குடுக்கறதுக்கு முன்னால அந்த நம்பரை எடுத்துக்கினு போய் விசாரி. குடுத்ததுக்கப்புறம் விசாரிச்சா அதுக்குப் பேரு பொலம்பல்.

கைலாசநாதர் கோயில் பக்கத்துல ஒண்ணு பாத்தேன்னியே, அமைதியா இருக்குதுன்னு. இருக்காதா பின்ன? அது ராஜசிம்ம பல்லவன் கட்டினது, 1,300 வருஷமா நிக்குது, மத்தியத் தொல்லியல் துறை கையில இருக்குது. சட்டப்படி அந்த மாதிரி எடத்துலேர்ந்து 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம் கூடாது. அதுக்கு மேல இன்னும் 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கித்தான் கட்டணும். 2010-ல இறுக்கிட்டாங்க. நீ கீழ் வீட்டை வாங்கிட்டு, மேல ஒரு மாடி போட்டு வாடகைக்கு உட்டு, அந்த வாடகையில தவணை கட்டலாம்னு கணக்குப் போட்டிருப்ப. உன் மூஞ்சியிலயே தெரியுது. பல்லவன் ஒத்துக்க மாட்டான்.

சின்ன காஞ்சிபுரத்துல ஒரு தரகர் என்கிட்டயே சொன்னான்: "பெருமாள் கோயிலாண்ட வீடு, அத்திவரதர் எழுந்தருளினா ரூம் வாடகையே போதும்." அவரு 40 வருஷத்துக்கு ஒருக்கா வர்றவரு. 2019-ல பாத்தோமே, 48 நாளும் சனம் அலைமோதிச்சு. அதுக்கு முன்னால 1979. அடுத்தது 2059. உன் பேங்கு கடன் 20 வருஷம். ஆக, கடன் முடிஞ்சு பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு வாடகை வரும். நல்ல யோசனை. நடுவுல வருஷா வருஷம் வைகாசியில கருட சேவை வரும், அன்னிக்கு உன் வண்டி வாசலை உட்டு நகராது. அது எனக்குப் புண்ணியம். உனக்கு ஷிப்டு இருக்குது, பாத்துக்க.

இப்போ நீ கேக்காத ஒண்ணைச் சொல்றேன். எங்க பிள்ளையார்பாளையத்துல தறி வீடுங்க விலைக்கு வருது. நீ அதைப் பாக்கக் கூட இல்ல, ஏன்னா சந்து, ஆர்ச்சு கெடையாது. அகலம் கொஞ்சம், நீளம் நெறைய. பாவு நீட்ட நீளம் வேணும்ல, அதுக்குன்னு கட்டினது. புள்ளைங்க தறியில குந்த மாட்டேன்னுட்டாங்க. நீயே குந்தலையே, உன்னைப் போல அவங்களும் கம்பெனி பஸ்ஸு ஏறிட்டாங்க. அப்பன் போனதும் குழியை மூடி டைல்ஸ் போட்டுடறாங்க. அப்புறம் ஒரு தரகர் வந்து "ஏரியா முன்னுக்கு வருதுங்க"ன்னு சொல்றான். ஒரு தெருவுல தறிச் சத்தம் குறையக் குறைய சதுர அடி விலை ஏறுது. இதை நான் சிரிச்சிக்கினேதான் சொல்றேன், நீ மூஞ்சிய அப்படி வச்சிக்காத.

அந்த வீடுங்கள்ல நல்லதும் உண்டு. பழைய நகரம், பாதாளச் சாக்கடை வந்து பல வருஷம் ஆச்சு. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கற தூரம். ஆனா மூணு எடத்துல கால் இடறும். பக்கத்து வீட்டோட பொதுச் சுவரு. நீ இடிச்சா அவன் வீடு சாயும், அவன் இடிச்சா உன்து. ரெண்டாவது, ரோடு போடப் போட வீடு பள்ளத்துல போவுது. பழைய ரோட்டைச் சுரண்டாம மேலயே போட்டுக்கினு போறாங்க. வாசப்படி எத்தினி இருக்குதுன்னு எண்ணாத, எத்தினி புதைஞ்சுதுன்னு எண்ணு. மூணாவதுதான் பெரிசு: பங்காளிங்க. அண்ணன் தம்பி நாலு பேரும் கையெழுத்துப் போட வந்து குந்திட்டாங்கன்னா சந்தோஷப்படாத. அக்கா தங்கச்சி எங்கன்னு கேளு. 1989-லயே நம்ம தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்குப் பூர்விகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்தாச்சு, 2005-ல நாடு பூரா வந்துது. "அதுக்குக் கல்யாணத்துல நகை போட்டுட்டோம்"னு சொல்லுவான். நகை போட்டது அவங்க வீட்டு விஷயம். விடுதலைப் பத்திரம் இருக்குதான்னு மட்டும் பாரு. இல்லாட்டி நீ கிருகப்பிரவேசம் பண்ற அன்னிக்கு ஆரணியிலேர்ந்து ஒரு அத்தை பால் சொம்போட வரமாட்டாங்க, வக்கீலோட வருவாங்க.

காகிதம் மத்ததெல்லாம் உனக்கே தெரியும், நீ படிச்சவன். தாய்ப் பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, புல வரைபடம். மனைன்னா டிடிசிபி அங்கீகாரம்; அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியாதேன்னு 2016-ல ஐகோர்ட்டு சொன்னப்புறம், அடுத்த வருஷமே வரன்முறைத் திட்டம் கொண்டாந்தாங்க. பழைய மனைன்னா அந்த வரன்முறை ஆணையைக் கண்ணால பாரு. "பேங்க் வக்கீல் ஓகே சொல்லிட்டாரு"ன்னு நிம்மதியா தூங்காத. அவர் பேங்குக்கு வக்கீல்டா, உனக்கில்ல.

செலவுல ஒண்ணு மறந்துடுவ. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. 30 லட்சத்துக்கு வாங்கினா 2,70,000 ரூபா பதிவாபீசுலயே போயிடும். பொம்பளைங்க பேர்ல எழுதினா பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைப்புன்னு 2025 ஏப்ரல்லேர்ந்து குடுக்கறாங்க, சொத்து மதிப்பு 10 லட்சம் வரைக்கும். 10 லட்சத்துக்கு இந்த ஊர்ல உருப்படியா ஏதாவது கெடச்சா எனக்கும் ஒண்ணு சொல்லு. குறைப்பு இல்லாட்டியும் மருமவ பேர்ல எழுது. நீ வேலையை உட்டுட்டுக் கடை வைக்கறேன்னு கெளம்பினா வீடாவது மிஞ்சும்.

எங்கதான் வாங்கறதுன்னு முழிக்கற. சொல்றேன். கல்லு நட்டுக் கொடி கட்டின எடம் வாணாம். பழைய ஊரோட விளிம்புல, செவிலிமேடு, ஓரிக்கைப் பக்கம், பத்து இருவது வருஷமா சனங்க குடியிருக்கற தெருவாப் பாரு. அங்கயும் பாலாத்துக்கும் தெருவுக்கும் எத்தினி தூரம், 2021-ல ஆறு பெருகி வந்தப்போ தண்ணி எது வரைக்கும் ஏறிச்சுன்னு கேளு. பாதாளச் சாக்கடை அந்தத் தெருவுக்கு வந்துடுச்சா, வரப்போவுதா, வந்துடும்னு சொல்றாங்களா? இது மூணும் வேற வேற விலை. அப்புறம் ஒரு நாள் விடிகாலை போய் வாசல்ல கோலத்தை எண்ணு. இருவது வாசல்ல பதினஞ்சுல கோலம் இருந்தா சனம் வாழுது. நாலுல இருந்தா மீதியெல்லாம் உன்னைப் போல விலை ஏறும்னு வாங்கிப் போட்டவனுங்க. ராவுல திருடன் வந்தா கூப்பிட ஆள் இருக்காது.

சதுர அடி நூறு ரூபா கூடக் குறைய இருந்தாலும் வாழற தெருவை வாங்கு. இதுல எனக்கும் ஒரு சுயநலம் இருக்குது, மறைக்கல. பரந்தூர்ப் பக்கம் போனின்னா என் பிரஷர் மாத்திரையை எவன்டா வாங்கியாருவான்?

அட்வான்சு குடுக்கறதுக்கு முன்னால மருமவளைக் கூட்டிக்கினு போய்க் காட்டு. உன் பைக்குல வாணாம். டவுன் பஸ்ஸுல கூட்டிப் போ, எறங்கி வீட்டு வாசல் வரைக்கும் நடக்க உடு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல. அவ சரின்னு சொன்னா வாங்கு.