கோழிக்குஞ்சும் மம்பட்டிக் கணையும்

தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் எங்கள் ஊருக்கு மனிதர்களைப் போலவே இனிஷியல் உண்டு. வத்திராயிருப்பை முன்னால் போட்டு வ. புதுப்பட்டி என்று எழுதினால்தான் எந்தப் புதுப்பட்டி என்பது விளங்கும். மேற்கே மலை, மலையடியில் பிளவக்கல் அணை, அதன் தண்ணீரை நம்பி நெல்லும் தென்னையும். தெற்கே பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இன்னும் கொஞ்சம் போனால் ராஜபாளையம் நாய். இவ்வளவு இருந்தும் கோல்ஃப் மைதானம் மட்டும் கிடையாது. வடக்கே மலைகளைத் தாண்டிக் கொடைக்கானலில் 1895 முதல் ஒரு கோல்ஃப் கிளப் நடக்கிறது. காட்டுமாடுகள் சந்தா கட்டாமலே உள்ளே வந்து மேய்ந்துவிட்டுப் போகும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கோல்ஃப் மட்டையைப் பிடிக்கவும் வீசவும் கற்றுத்தரும் கருவிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். பாகப்பிரிவினைக்குப் பங்காளியையா மத்தியஸ்தம் வைப்பார்கள்? வெளியாளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்தக் கருவிகளில் இரண்டு ரகம் இருக்கிறது. தவறு செய்யவே விடாமல் கையைப் பிடித்துக்கொள்வது ஒன்று. தவறு செய்த அந்த நிமிஷமே காட்டிக்கொடுப்பது மற்றொன்று. கடையில் நன்றாக விற்பது முதல் ரகம். உருப்படியாகக் கற்றுத்தருவது இரண்டாவது.

கோல்ஃப் மட்டையைப் பிடிப்பது பார்வைக்கு விளக்குமாற்றைப் பிடிப்பது போலத்தான் இருக்கும். உள்ளே போனால் சாஸ்திரம். வலக்கைக்காரருக்கு இடக்கை மேலே, வலக்கை கீழே. வலக்கைச் சுண்டுவிரல் மட்டையின்மேல் படக்கூடாது. இடக்கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஏறி உட்கார வேண்டும். இது வார்டன் பிடி. பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தை 1896 முதல் 1914 வரைக்குள் ஆறு தடவை வென்ற ஹாரி வார்டன் இதைப் பிரபலமாக்கினார். ஜாக் நிக்லஸும் டைகர் உட்ஸும் அந்தச் சுண்டுவிரலை ஏற்றி உட்கார வைக்காமல் ஆள்காட்டி விரலோடு கொக்கி போட்டுக் கோத்துக்கொண்டார்கள். ஆக, ஒரு சுண்டுவிரலை ஏற்றுவதா, கோப்பதா என்று கோல்ஃப் உலகத்தில் ஒரு வடகலை தென்கலை வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதற்கு, கையில் ஒரு சின்னப் பறவை இருப்பதாக நினைத்துக்கொள் என்று சாம் ஸ்னீட் சொன்னதாகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக்கு இதைக் கோழிக்குஞ்சு என்று மாற்றினால் போதும்: இறுக்கினால் செத்துப்போகும், தளர்த்தினால் பருந்துக்குப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோழிக்குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே, 46 கிராம்கூட நிறையாத ஒரு பந்தை 200 மீட்டருக்கு அப்பால் விரட்ட வேண்டும். மட்டையும் பந்தும் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம், ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறு போட்டால் அதில் ஏறக்குறைய ஒரு கூறு. அந்த ஒரு கூறில் மட்டை முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் பந்து புதருக்குள். அப்புறம் குற்றவாளி யார் என்று தேடினால் சுண்டுவிரலா, மணிக்கட்டா, இடுப்பா, முந்தின ராத்திரி தின்ற புரோட்டாவா என்று கண்டுபிடிக்க முடியாது. இந்த இருட்டில்தான் கருவி விற்பவர் டார்ச் லைட்டோடு வருகிறார்.

மம்பட்டி பிடிக்கப் பழக்கும் கருவியை யாரும் விற்று நான் பார்த்ததில்லை. மம்பட்டி வேலை எளிது என்பதால் அல்ல. இரண்டு கையையும் எங்கே வைப்பது, எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது, இடுப்பு எந்த இடத்தில் திரும்புவது என்று அதிலும் அத்தனை நுணுக்கமும் இருக்கிறது. ஆனால் தவறுக்கும் தண்டனைக்கும் நடுவில் 200 மீட்டர் இடைவெளி இல்லை. பிடி சரியில்லை என்றால் அன்று சாயங்காலமே உள்ளங்கையில் கொப்புளம். பன்னரிவாள் இன்னும் கறார். கதிரைப் பிடித்த இடக்கை அரை விரற்கடை கீழே இறங்கினால் தீர்ப்பு ரத்தத்தில் எழுதப்படும். தப்பு எங்கே என்று தொழிலே உடனுக்குடன் சொல்லிவிடுவதால் தனியாகக் கருவி வேண்டியிருக்கவில்லை. கோல்ஃப் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே கருவி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எந்தக் கருவி என்பதில்தான் சண்டை.

முதல் ரகத்தைப் பார்ப்போம். மட்டையின் கைப்பிடி ரப்பரில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகப் பள்ளம் வார்த்திருப்பார்கள். விரல்கள் சினிமாத் தியேட்டரில் நம்பர் போட்ட சீட்டில் உட்காருவது போல உட்கார்ந்துவிடும். மணிக்கட்டை அசையவிடாமல் கட்டிப்போடும் பட்டை, முழங்கைகளை விலகவிடாமல் சேர்த்து வைக்கும் வளையம் எல்லாம் இதே குடும்பம். மாட்டிக்கொண்ட முதல் நாளே பிடி பிரமாதமாக அமையும். விற்பனையின் ரகசியம் அந்த முதல் நாள்தான். இரண்டாவது ரகத்துக்கு உதாரணம், நட்டநடுவில் கீல் வைத்த மட்டை. வீச்சு சீராக இருந்தால் அது சாதாரண மட்டை. வெடுக்கென்று இழுத்தாலோ, தடம் மாறினாலோ கீல் மடங்கித் தண்டு தொங்கிப்போகும். பத்துப் பேர் பார்க்க மட்டை கையில் மடிந்து தொங்குவதைவிடப் பெரிய ஆசிரியர் கிடையாது. நம் நடைவண்டியும் இந்த ஜாதகம்தான். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. குழந்தை அதிகமாகச் சாய்ந்தால் வண்டி முன்னால் ஓடிவிடும், குழந்தை உட்கார்ந்துவிடும். பின்னால் வந்த பிளாஸ்டிக் வட்ட வண்டியோ குழந்தையை நடுவில் தொங்கவிட்டுச் சுமந்துகொண்டே உருளும். இதை ஆபத்து என்று கனடா 2004-ல் தடையே செய்துவிட்டது. நம் ஆசாரி செய்த மர வண்டிமேல் இதுவரை எந்த அரசாங்கத்துக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

இது என் சொந்தப் பிடிவாதம் அல்ல. உடம்பு ஒரு வேலையை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் சால்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற மூவர் 1984-ல் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் வழிகாட்டிக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் கை ஜோராக வரும். வழிகாட்டியை எடுத்ததும் சரிந்துவிடும். மூளை அந்தத் துணையையே பாடமாகப் படித்துவிடுகிறது. கோனார் நோட்ஸை மனப்பாடம் செய்துவிட்டு, பாடப்புத்தகத்துக்கு என்ன நிறம் அட்டை என்று தெரியாமல் பரீட்சைக்குப் போவதைப் போல. 1999-ல் கேப்ரியேல் வுல்ஃபும் சகாக்களும் கோல்ஃபே தெரியாதவர்களைப் பிடித்துப் பழக்கினார்கள். கையின் அசைவைக் கவனி என்று சிலருக்கும், மட்டையின் அசைவைக் கவனி என்று சிலருக்கும் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்களே நன்றாக அடித்தார்கள். விரல் பள்ளம் வைத்த ரப்பரோ நாள் முழுக்க விரலைக் கவனி, விரலைக் கவனி என்றே காதில் ஓதுகிறது.

பரீட்சை என்றதும் கோல்ஃப் விதிப்புத்தகம் நினைவுக்கு வருகிறது. பந்தயத்தில் விரல் பள்ளம் வார்த்த கைப்பிடிக்கு அனுமதி இல்லை. ஆனால் கைப்பிடியின் நீளத்துக்கும் நேராக, லேசாக மேடு தட்டிய ஒரே ஒரு வரப்பு இருக்கலாம். கையை ஞாபகப்படுத்தலாம், பிடித்து உட்கார வைக்கக் கூடாது என்று விதி வகுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்; வயலில் வரப்பு வெட்டினவர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாக எல்லை போட்டிருக்க மாட்டார்கள். பயிற்சிக் கருவியை ஆட்டத்தின் நடுவே எடுத்துச் சும்மா வீசிப் பார்த்தாலும் குற்றம். ஜூலி இங்க்ஸ்டர் என்ற அமெரிக்க வீராங்கனை, பெரும் பட்டங்கள் ஏழு வென்றவர், 2010-ல் ஆரிகன் மாநிலத்தில் நடந்த பந்தயத்தில் பத்தாவது குழிக்கு நெடுநேரம் காத்திருந்தார். வயது 50. உடம்பு விறைத்துப்போகாமல் இருக்க மட்டையில் உளுந்துவடை மாதிரி ஒரு எடை வளையத்தை மாட்டி நாலு வீச்சு வீசினார். டிவியில் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் புகார் அனுப்ப, பந்தயத்தை விட்டே நீக்கிவிட்டார்கள். இப்போது விதி கொஞ்சம் இளகி, முதல் தடவைக்கு இரண்டு அடி அபராதம், மறுபடியும் செய்தால் வெளியே என்றிருக்கிறது. மைதானத்துக்குள் கூட வராத துணையிடம் கையை ஒப்படைத்துப் பழகுவது, நீச்சல் தெரியாதவன் கிணற்று மேட்டில் சுரைக்குடுக்கையை அவிழ்த்து வைத்துவிட்டுக் குதிப்பதற்குச் சமம்.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் வரும். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுத வைக்கிறோமே, அது கையைச் சுமக்கிற வேலை இல்லையா? ஆமாம், ஆனால் ஒரு நாள்தான். மறுநாள் சிலேட்டு வந்துவிடும். நாலு கோடு நோட்டும் அப்படித்தான்: நாலு கோடு இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் வெள்ளைத்தாள். கோடுகள் விலகிக்கொண்டே போவதில்தான் அதன் புத்தி இருக்கிறது. விரல் பள்ள ரப்பரையும் முதல் வாரம் மட்டும் மாட்டி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு பரணில் என்று யாராவது பழகினால் என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கழற்ற வேண்டிய தேதியை அட்டைப்பெட்டியில் அச்சடித்துத் தரும் வியாபாரி எவரும் இல்லை. மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, ஊன்றுகோலுக்குக் கிடையாது.

கருவியே இல்லாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது என் கையிலுள்ள அடுத்த சாட்சி. கோல்ஃபில் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடப்பவருக்குக் கேடி என்று பெயர். நம் ஊரில் அந்தப் பெயர் போலீஸ் ரிஜிஸ்தரில் இருப்பது வேறு கதை. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார்; இந்தியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை எடுத்தார். 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சவுராசியா 2016-லும் 2017-லும் அடுத்தடுத்து வென்றார். பை சுமந்த நூற்றுக்கணக்கானவர்களில் இரண்டு மூன்று பேரைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவது நியாயமா என்று கேட்டால், பாதி நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஜெயிக்காத கேடிகளின் பட்டியலை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் இவர்கள் சும்மா வரவில்லை. யாருடைய பந்து எந்தப் புதருக்குள் போகும் என்பதை அவர் மட்டையை ஓங்கும்போதே கணித்து, அங்கே நடக்கத் தொடங்குவதுதான் கேடியின் பிழைப்பு. மற்றவர்களின் தவறுகளை ஆயிரக்கணக்கில் இலவசமாகப் பார்த்த கண் அது. அடல்ட் சைக்கிளில் இருக்கைக்கே எட்டாமல் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முழங்காலில் தோல் போனதே தவிர, பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம் மாட்டிக்கொள்ளவில்லை.

ஐம்பது வயதில் ரிடையராகி, இடுப்பு வலியோடு கோல்ஃப் தொடங்குகிறவர் குரங்குப் பெடல் போட முடியுமா என்பார்கள். முடியாதுதான். அவருக்குக் கீல் வைத்த மட்டையைச் சிபாரிசு செய்கிறேன். மடங்கினால் அவமானம், மடங்காவிட்டால் ஆனந்தம், நடுவில் பொய் கிடையாது. விலை உறுத்தினால் மாற்று வழியும் இருக்கிறது. கோடையில் மம்பட்டிக் கணை, அதாவது மரப்பிடி, காய்ந்து சுருங்கி, இலைக்குள் லொடலொடவென்று ஆடும். எங்கள் பக்கம் அதை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மரம் உப்பி இறுகிய பிறகுதான் வயலுக்குக் கொண்டுபோவார்கள். அதை ஊறப்போடாமல் எடுத்தால் அதுவும் கீல் வைத்த மட்டையே. பிடி பிசகினால் இலை திரும்பிக்கொள்ளும், வெட்டு கோணிக்கொள்ளும், பக்கத்து வரப்பில் நிற்பவர் சிரித்துவிடுவார். கோல்ஃப் கிளப் உறுப்பினர்கள் யாராவது இந்தப் பயிற்சிக்கு விரும்பினால் அதிகாலையில் வ. புதுப்பட்டிக்கு வந்து சேரலாம். கட்டணம் எதுவும் இல்லை. இங்குள்ள தோப்புகளில் தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்க ஆள் கிடைக்காமல் கிடக்கிறது என்பதற்கும் இந்த அழைப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.