போகிக்குத் தப்பிய கட்டை

வாடா மாப்ளே, உக்காரு. ஈசிஆர் பக்கம் கட்டின புது வூட்டைப் பொங்கலுக்கு அலங்காரம் பண்ணப் போறியாம், அதுவும் பழைய மரத்தாலதான் பண்ணுவியாம், உங்கம்மா சொல்லிட்டுப் போனா. எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணும் இல்ல. ஒரு சந்தேகம்தான். மார்கழி கடைசி நாள் விடியக்காலம் நாங்க எதைத் தெருவுல போட்டு எரிக்கிறமோ, அதையே நீ தை ஒண்ணாந்தேதிக்குக் காசு குடுத்து வாங்கி சுவத்துல மாட்டுறே. நடுவுல ஒரு ராத்திரிதான். அந்த ஒரு ராத்திரியில கட்டைக்கு எங்கேருந்து இவ்வளவு மவுசு வந்துச்சு?

கோச்சுக்காதே. மாமன் கிண்டல் பண்ணாம வேற எவன் பண்ணுவான்? பண்றதை ஒழுங்கா பண்ணுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.

பழைய மரத்துக்குப் பேர் போன ஊருடா இது. சிறுபாணாற்றுப்படையில எயிற்பட்டினம்னு ஒரு ஊரு வருது. அது நம்ம மரக்காணம்தான்னு படிச்சவங்க சொல்றாங்க. நல்லூர் நத்தத்தனார் பாடினது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன்கிட்ட பரிசில் வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. நம்ம கரையில அலை ஒதுக்கின வாசனைக் கட்டைங்க, படுத்துத் தூங்குற ஒட்டகம் கணக்கா கெடந்துச்சாம். அகிலுன்னு உரை சொல்றாங்க. இன்னிக்கு நல்ல அகில் கிராம் கணக்குல விக்குது. அதை நம்ம பாட்டனுங்க என்னா பண்ணாங்க தெரியுமா? அடுப்புல வச்சாங்க. அந்த நெருப்புல பக்குவம் பண்ணி நுளையப் பொண்ணு அரிச்ச கள்ளை, பரதவருங்க வழிப்போக்கனுக்கு ஊத்திக் குடுத்து, தொட்டுக்கச் சுட்ட குழல் மீனும் வச்சாங்களாம். நீயா இருந்தா அந்த ஒட்டகத்து மேல கண்ணாடியைப் போட்டு, அடியில லைட்டைச் சொருகி, டீப்பாய்னு பேர் வச்சிருப்பே. பாணனுக்குச் சர்க்கரை இல்லாத டீ குடுத்து அனுப்பியிருப்பே.

இப்ப ஒட்டகம் ஒதுங்குறதில்ல. செருப்பும் தெர்மாகோலும்தான் ஒதுங்குது. உனக்குக் கடல் மரம்தான் வேணும்னா கட்டுமரக் கட்டை ஏதாவது மிச்சம் கெடக்குதான்னு குப்பத்துல விசாரி. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா ஃபைபர் போட்டு வந்து எறங்குச்சு பாரு, அதோட கட்டுமரம் மூலைக்குப் போயிடுச்சு. கொஞ்சம் அடுப்புக்குப் போச்சு, கொஞ்சம் ஆட்டுக் கொட்டாய்க்கு முட்டுக்கட்டையாச்சு, கொஞ்சம் பூவரச மரத்தடியில கெழவனுங்க உக்கார பெஞ்சாச்சு. அது அருமையான கட்டைடா. ஆணியே கிடையாது, எல்லாம் கயித்துக் கட்டுதான். கரைக்கு வந்ததும் கட்டை அவுத்து மணல்ல காயப் போடுவாங்க. இலேசான மரம், தண்ணி குடிச்சுதுன்னா கனத்துடும். முனையைத் தடவிப் பாரு, கயிறு வருஷக்கணக்கா அறுத்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். அந்தப் பள்ளத்தைப் பட்டி போட்டு அடைச்சு வார்னிஷ் அடிச்சே, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே.

அதை விட்டுட்டு, கடையில 'கடல் மரம்'னு போர்டு வச்சிருக்கான்னு கார்டை நீட்டாதே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிக்குச் சாமான் வந்து எறங்குற பேலட் கட்டை இருக்குதே, அதைச் சங்கிலியால அடிச்சு, டீத்தண்ணி தடவி, துருப்பிடிச்ச ஆணியைக் காடியில ஊறப்போட்ட தண்ணியை அதுக்கு மேல பூசினா, ஒரு மத்தியானத்துல மரத்துக்கு வயசு ஏறிடும். உங்க அத்தைக்குக்கூட அவ்வளவு வேகமா ஏறல. அசல் பழைய தேக்குன்னா ஆணி இருந்த ஓட்டையைச் சுத்திக் கருப்பு வளையம் இருக்கும். இரும்பும் மரத்துச் சாறும் சேர்ந்து ஊறின கறை அது. ஓட்டை பழசுன்னு சொல்லி வளையம் இல்லாம இருந்தா, நேத்து அடிச்சு இன்னிக்குப் புடுங்கின ஆணி. பேலட்டே வாங்கினாலும் அதுல குத்தியிருக்கிற முத்திரையைப் பாரு. எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டினது, பரவாயில்ல. எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதைத் தெருவோட அனுப்பிடு. புள்ளைங்க படுக்குற ரூமுக்குள்ள அதுக்கு என்னா வேலை?

பூச்சி இருக்குதான்னு பாக்கணும்னா கட்டையைக் கருப்புத் துணி மேல வச்சு ஒரு வாரம் விடு. துணி மேல மாவு கொட்டுச்சுன்னா உள்ள உளு இருக்குது. போராக்ஸும் போரிக் பவுடரும் கரைச்சு ரெண்டு மூணு தடவை ஊறப் பூசணும். பூசாம விட்டாலும் நல்லதுதான், வாசலுக்குக் கோலமாவு வாங்குற செலவு மிச்சம்.

இனிமே சொல்றது என் தொழில், காதைக் குடு. உப்பு. மூவாயிரம் ஏக்கருக்கு மேல உப்பளம் இருக்குற ஊருல வூடு கட்டியிருக்கே. உன் பக்கத்து வூட்டுக்காரன் கடல், எதிர்த்த வூட்டுக்காரன் அளம். உப்பு அளக்குற மீட்டர்ல கடல் தண்ணி மூணு டிகிரி சொச்சம் காட்டும். வெயில்ல சுண்டிச் சுண்டி 25 டிகிரி பக்கம் வந்தாத்தான் உப்பு உக்காரும். முப்பதை நெருங்குச்சுன்னா அது கசப்புத் தண்ணி, வெட்டி விட்டுடணும். அந்தக் கசப்புதான் மெக்னீசியம். காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குறது அதுதான். அளத்துல கெடந்த பலகை, கடல்ல ஊறின கட்டை, எல்லாத்துலயும் அது இழைக்குள்ள உக்காந்திருக்கும். பங்குனி சித்திரையில சாதுவா இருக்கும். ஐப்பசி வந்து ஈரக்காத்து அடிச்சுது, சுவத்துல மாட்டின பலகை வேர்த்து ஊத்தும். நீ பைப்பு ஒழுகுதுன்னு பிளம்பரைக் கூப்பிடுவே. அவனும் வந்து சுவத்தை ஒடச்சுப் பாத்துட்டு, பைப்பு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிக் கூலி வாங்கிட்டுப் போவான்.

அதனால கட்டையை வாங்கினதும் மூலையில ஒரு ஓரமா நக்கிப் பாரு. சிரிக்காதே, எங்களுக்கு நாக்குதான் முதல் மீட்டரு. கரிச்சுதுன்னா நல்ல தண்ணித் தொட்டியில அமுக்கி வை. தண்ணியை மாத்து, மறுபடி நக்கு, மறுபடி மாத்து. கரிப்பு போன பிறகு நெழல்ல காயப் போடணும். வெயில்ல போட்டா வெடிச்சுடும். இதெல்லாம் மாசி பங்குனியில ஆரம்பிக்க வேண்டிய வேலை. நீ மார்கழிப் பனியில வந்து நிக்கிறே. இந்தப் பொங்கலுக்குக் கடல் மரம் ஆகாது, அடுத்த பொங்கலுக்குப் பாரு. ஸ்க்ரூ வாங்கும்போது பித்தளை வாங்கு, இல்லாட்டி எஸ்.எஸ்.ல 316னு கேட்டு வாங்கு. கடைக்காரன் 304ஐ எடுத்து நீட்டி ரெண்டும் ஒண்ணுதான் சார்னுவான். நம்ம காத்துக்கு அது ஒரு வருஷத்துல துருப் புள்ளி போடும். போட்டுல அடிச்ச பெயிண்டைச் சுரண்டறேன்னு புள்ளைங்களை வச்சிக்கிட்டு ஆரம்பிக்காதே, பழைய பெயிண்டுல ஈயம் இருக்கும். மிச்சம் மீதியைப் போகியில போட்டு எரிக்கவும் கூடாது. நத்தத்தனார் பாத்த கட்டையில பெயிண்டும் இல்ல, விஷமும் இல்ல.

இந்தப் பொங்கலுக்கே வேணும்னா பனஞ்சட்டம் இருக்குது. உங்க ஆளுங்க எவனும் அதைத் தேடறதில்ல, பேரு ஸ்டைலா இல்லியே! குடிசையும் ஓட்டு வூடும் இருந்த எடத்துல கான்கிரீட் வூடு எழும்புது. கலைஞர் கனவு இல்லத் திட்டத்துல வூட்டுக்கு மூணரை லட்சம்னு 2024ல அறிவிச்சாங்க, ஜனங்க கூரையைப் பிரிக்கிறாங்க. எறக்கின சட்டம் வேலியோரம் கெடக்குது. அடுப்புப் புகையில தலைமுறையா ஊறினது, கருகருன்னு இருக்கும். நீளவாக்குல அறுத்தா கருப்பும் பழுப்புமா கோடு கோடா இழை ஓடும், எந்தத் தேக்குக்கும் அந்த அழகு கிடையாது. பச்சைப் பனையை வெட்டணும்னா கலெக்டர் உத்தரவு வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டுல சொல்லிட்டாங்க. அதுவும் நியாயம்தான். ஆனா கூரையிலேருந்து எறங்கின சட்டத்துக்கு எந்த உத்தரவும் வேணாம். வித்தவன் கையில காசைக் குடு, போதும். இனாமாக் கேக்காதே. பென்ஸ் கார்ல வந்து இனாமாக் கேட்டவனைப் பத்தி குப்பத்துல இன்னும் பேசிட்டிருக்காங்க.

புயல்ல சாஞ்ச மரமும் உண்டு. 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சப்போ கடலூர், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட படுத்துடுச்சு. வீணை செய்யற பலா அது. 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் கரையேறினப்போ மயிலத்துல மட்டும் 50 சென்டிமீட்டர் பக்கம் மழை. அளமெல்லாம் ஏரியாச்சு. புயல் வந்தா எங்களுக்கு நிவாரணம், உங்களுக்கு ஃபர்னிச்சர்.

காரைக்குடிக் கதவு பத்தியும் கேட்டியாம். முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா பழைய சாமான் கடைங்க, போய்ப் பாரு, கண்ணு கூசும். பர்மாத் தேக்குத் தூண், நிலை, உத்தரம். வட்டிக் கடை வச்சவங்க ரங்கூன்லேருந்து கொண்டாந்து கட்டின வூடுங்க. பங்காளிங்க பெருகிப் போய், ஓட்டை மாத்தக்கூட ஆள் இல்லாம, பிரிச்சு விக்கிறாங்க. செட்டிநாட்டு ஊருங்களை 2014ல யுனெஸ்கோ உத்தேசப் பட்டியல்ல சேத்தாங்க. பட்டியல் பாரிஸ்ல இருக்குது, தூணு லாரியில வருது.

அந்த நிலைக் கதவை வாங்கிட்டு வந்து நீங்க பண்ற அநியாயம் தாங்கலடா. படுக்க வச்சு, மேல கண்ணாடி போட்டு, சாப்பாட்டு மேசைங்கறீங்க. மேல் விட்டத்துல யானை தண்ணி ஊத்த உக்காந்திருந்த கஜலட்சுமி, மல்லாந்து படுத்துக்கிட்டு உன் சாம்பார்ச் சட்டியோட அடியைப் பாத்திட்டிருக்கா. வாசப்படியில நின்னுக்கிட்டு கடன் குடுத்தாக்கூட உங்க ஆயா கத்தும். நீ அந்தப் படியையே ஹால்ல போட்டு அது மேல காலை நீட்டிக்கிட்டு டிவி பாக்குறே! கதவை வாங்கினா நிக்க வை, தொறந்து மூடு. முட்டுக்காட்டுல, இதே ஈசிஆர் ரோட்டுலதான், தட்சிணசித்ரா இருக்குது. 1996ல தொறந்தது, லாரி பேக்கர் வரைஞ்சு குடுத்தது. பழைய வூட்டையே பிரிச்சுக் கொண்டாந்து, தூணு தூணாவே நிக்குது, கதவு கதவாவே நிக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வா.

நம்ம ஊருல பழைய மரம் இல்லாத பண்டிகை எது சொல்லு? கொலுப்படிக்கு டிரங்குப் பொட்டியும் பரண் பலகையும்தான். மாதா கோயில்ல கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒடஞ்ச ஜன்னல் சட்டம்தான். எவனும் அதுக்கு டிசைனரைக் கூப்பிடல. நீயும் அந்தப் பனஞ்சட்டத்துல நாலு மணையும் ஒரு நீள பெஞ்சும் அடி. பொங்கலன்னிக்கு நாங்க இருபது பேர் வருவோம், உன் சோபாவுல உக்காந்தா எழுந்திரிக்க எங்களுக்குக் கிரேன் வேணும்.

சுவத்துல ஏதாவது மாட்டியே ஆகணும்னு உன் பொண்டாட்டி புடிவாதம் புடிச்சா, பரண் மேல என் உப்பு வாரும் பலகை கெடக்குது. ஒரு பக்க ஓரம் தேஞ்சு சாஞ்சிருக்கும், வலக்கைக்காரன் இழுத்த பலகை அப்படித்தான் தேயும். கம்புல கை புடிச்ச எடம் வழவழன்னு இருக்கும். நக்கிப் பாரு, இன்னும் கரிக்கும். கடைக்காரன் உனக்கு என்னா விலை சொன்னான்? அதுல பாதி குடு. ஊறப் போடற தண்ணிச் செலவு உன்னுது. மாட்டின பிறகு வர்றவங்க அதுக்குக் கதை கேட்டா நான் வந்து சொல்றேன், அதுக்குத் தனிக் காசு.

ரொக்கமாக் குடுடா. ஜிபே இருக்குது, ஆனா அது உங்க அத்தை போன்ல இருக்குது.