தொட்டால் திறக்கும், தொட்டால் இறங்கும்!

கே: ஒரு பி.டி.எஃப். லிங்க்கைத் தொட்டால் அங்கேயே விரிகிறது. இன்னொன்று சத்தமில்லாமல் டவுன்லோடு ஆகிவிடுகிறது. பிரவுசருக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?

ப: பழி பிரவுசர் மேல், முடிவெடுப்பது பெரும்பாலும் சர்வர். ஃபைலை அனுப்புமுன் அது சில தலைப்பு வரிகளை அனுப்பிவைக்கும், பார்சல் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. 'கன்டென்ட்-டைப்' என்ற வரி, உள்ளே இருப்பது படமா, பி.டி.எஃப்.பா, ஜிப்பா என்று சொல்லும். 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' என்ற வரியில் 'அட்டாச்மென்ட்' என்று இருந்தால், "விரித்துக் காட்டாதே, சேமித்து வை" என்று பொருள். அந்த வரியே இல்லையா? பிரவுசர் தனக்குக் காட்டத் தெரிந்ததைக் காட்டும், தெரியாததை இறக்கும். ஜிப் எப்போதும் இறங்குவது அதனால்தான்.

பி.டி.எஃப்.பும் ஒருகாலத்தில் தெரியாத பட்டியலில்தான் இருந்தது. ஃபயர்பாக்ஸ் அதைத் தானே காட்டக் கற்றது 2013-ல், 19-ஆம் பதிப்பில்.

கே: லிங்க் கொடுப்பவரே 'இறக்கு' என்று எழுதிவிட முடியாதா?

ப: முடியும். வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லில் 'டவுன்லோடு' என்றே ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் சொந்தத் தளத்து ஃபைலுக்கு மட்டும். அடுத்தவர் தளத்து ஃபைலுக்குப் போட்டால், 2018-ல் வந்த 65-ஆம் பதிப்பு முதல் குரோம் அதைக் கண்டுகொள்வதில்லை. சரியான கண்டிப்பு.

கே: தமிழில் பெயர் வைத்த ஃபைல், இறங்கியதும் சதவீதக் குறிகளின் ஊர்வலமாக நிற்கிறதே?

ப: எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். இணைய முகவரியில் ஒரு பைட்டை எழுத ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளும் வேண்டும். 'அம்மா'வில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். ஆக, அம்மாவை அழைக்க 45 எழுத்துகள்! இதைப் பிரித்துப் படிக்க பிரவுசருக்குத் தெரியும். சர்வர் முறைப்படி எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். முறை என்னவென்று 2011-லேயே ஆர்.எஃப்.சி. 6266 என்ற இணையத் தர ஆவணம் சொல்லிவிட்டது. இன்னமும் பெயர் சிதைந்து வருகிறதென்றால், தவறு தமிழில் இல்லை, தளம் கட்டியவரிடம்.

கே: '.சிஆர்டவுன்லோடு' என்பது வைரஸா?

ப: இல்லை. குரோமில் இன்னும் இறங்கி முடியாத ஃபைல். முடிந்ததும் சொந்தப் பெயருக்கு மாறிவிடும்.

கே: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. திறக்கப்போனால் போன் எச்சரிக்கிறது. கல்யாணத்தில் என்ன ஆபத்து?

ப: கல்யாணத்தில் இல்லை, பெயரின் வாலில். பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப்.பாகவோதான் வரும். முடிவில் '.ஏபிகே' என்று இருந்தால் அது ஆண்ட்ராய்டில் ஆப் நிறுவும் ஃபைல். பத்திரிகை வேஷத்தில் வந்து போனுக்குள் புகும் இந்த மோசடி பற்றி 2024-லேயே இந்தியாவில் போலீஸார் எச்சரித்தார்கள். அனுப்பியது மாமாவின் எண்ணாகவே இருந்தாலும், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம். தொடுவதற்கு முன் அவருக்கு ஒரு போன் போட்டு, "மாமா, பத்திரிகை அனுப்பினீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.