ஒன்றரைக் கிலோ வீடு: கேள்வி – பதில்

வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29. அதற்குப் பல நாள் முன்பே காவி உடுத்தியவர்கள் காரைக்கால், திருமலைராயன்பட்டினம், கீழவாஞ்சூர், நாகூர் வழியாகத் தெற்கே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து நடக்க ஆசைப்பட்டவர்கள், மலைக்குப் போக ஆசைப்பட்டவர்கள், வீட்டைவிட்டு ஓர் இரவாவது வெளியே படுக்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து இம்முறை டென்ட் பற்றியே கேட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

கே: டென்ட் வாங்கப் போகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்? — கல்லூரி மாணவர், நிரவி

ப: காலண்டரை. எந்த மாதம், எந்த மண், எத்தனை இரவு? இந்த மூன்றும் தெரியாமல் கடைக்குப் போனால், அங்கே எது விற்காமல் கிடக்கிறதோ அதுதான் உங்களுக்கு ‘ஏற்ற’ டென்ட். ஆவணியில் நம் கரையில் புழுக்கமும் கொசுவும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் வாடையும். இமயத்தில் குளிர். மூன்றுக்கும் இது ஒன்றே போதும் என்று அட்டையில் எழுதியவர் மூன்று இடத்திலும் படுத்திருக்க மாட்டார்.

கே: ‘லைட்வெயிட்’ என்றால் எத்தனை கிலோ? — மளிகைக் கடைக்காரர், கோட்டுச்சேரி

ப: எடை விஷயத்தில் நீங்கள் கேட்பதுதான் நியாயம். இரண்டு பேர் டென்ட் 2 கிலோவுக்குள் இருந்தால் அந்தப் பெயர் பொருந்தும். 1 கிலோவை நெருங்கினால் ‘அல்ட்ராலைட்’. அங்கே எடை இறங்க இறங்க விலை ஏறும். மலிவான டோம் டென்ட்கள் இரண்டரை, மூன்று கிலோ வரும். அட்டையில் இரண்டு எடை போட்டிருப்பார்கள், கவனியுங்கள். உள்வலை, மேல்விரிப்பு, கம்பி மட்டும் சேர்ந்தது குறைந்தபட்ச எடை. முளை, கயிறு, உறை எல்லாம் சேர்ந்தது முழு எடை. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது முதலாவது. தோளில் ஏறுவது இரண்டாவது.

கே: ‘இரண்டு பேர்’ டென்ட்டில் இரண்டு பேர் படுக்க முடியுமா? — புதுமணத் தம்பதி, திருநள்ளாறு

ப: உங்களுக்கு முடியும். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவர்கள் ‘மூன்று பேர்’ டென்ட் வாங்குவது நல்லது. இரண்டு பேர் டென்ட்டின் அகலம் பெரும்பாலும் 120 முதல் 135 செ.மீ. பைகளுக்கு அதில் இடமில்லை. உயரமானவர் என்றால் நீளத்தையும் பாருங்கள். தலையோ காலோ துணியில் முட்டினால் அந்தப் பக்கம் நனையும். மெத்தைக் கடையில் படுத்துப் பார்ப்பது போல இங்கேயும் விரிக்கச் சொல்லிப் படுத்துப் பாருங்கள். விரித்துக் காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

கே: வேளாங்கண்ணி நடைக்கு டென்ட் அவசியமா? — பாதயாத்திரைக்காரர், சிதம்பரம்

ப: இல்லை. வழியெங்கும் மண்டபமும் பந்தலும் இருக்கும்போது கூரையைச் சுமந்துபோவது வேண்டுதலில் சேர்ந்தால் தவிர வேண்டாத வேலை. ஒரு கொசுவலை, ஒரு மெல்லிய தார்ப்பாய்: இரண்டும் சேர்ந்து 1 கிலோவுக்குள் முடிந்துவிடும். கீழவாஞ்சூரைத் தொட்டுவிட்டால் மிச்சம் ஒரு நாள் நடைதான். எங்கே படுத்தாலும் சாலையோரத்தில் மட்டும் படுக்காதீர்கள். இரவு லாரிக்கு உங்கள் காவியும் தெரியாது, டென்ட்டும் தெரியாது.

கே: பெரிய பையோடு வாஞ்சூர் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது என்னையே உற்றுப் பார்க்கிறார்களே? — இளைஞர், நாகூர்

ப: அந்த எல்லையின் புகழ் அப்படி. புதுச்சேரி விலையில் வாங்கிய மதுப் புட்டிகளைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோகிறவர்களும் பெரிய பையோடு, களைத்த நடையோடுதான் வருவார்கள். டென்ட்டைப் பைக்குள் மேலாக வையுங்கள். திறந்த உடனே தெரிந்துவிடும், விட்டுவிடுவார்கள். இன்னொரு லாபம்: மழை திடீரென்று பிடித்தால் முதலில் கைக்கு வர வேண்டியதும் அதுதான்.

கே: 3000 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அவ்வளவு மழையைத் தாங்குமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், நெடுங்காடு

ப: வானிலை அறிக்கையின் மி.மீ. வேறு, இது வேறு ஐயா. துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீர் ஊற்றினால், 3000 மி.மீ. உயரம் நீர் நிற்கும்வரை கசியாது என்று பொருள். மேல்விரிப்புக்கு 1500 இருந்தாலே மழைக்குப் போதும் என்பது வழக்கமான கணக்கு. தரைத்துணிக்குக் கூடுதல் வேண்டும். நீங்கள் முழங்காலை ஊன்றும் இடத்தில் விழும் அழுத்தம் மழைத்துளியைவிட அதிகம். ஆனால் ஒழுகுவது பெரும்பாலும் துணியில் அல்ல, தையலில். உள்பக்கத் தையல் முழுக்க டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கே: 20 டெனியர், 70 டெனியர் என்கிறார்களே, எது ஒசத்தி? — ஜவுளிக்கடை ஊழியர், காரைக்கால்

ப: உங்கள் துறைக் கணக்குதான். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் குறைந்தால் இழை மெலிசு, டென்ட் லேசு, முள் குத்தினால் கிழிவதும் சுலபம். கருவேலங்காட்டு ஓரம் படுக்கிறவருக்கு 20 டெனியர் தரை ஆடம்பரம். அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டால் தப்பிக்கலாம். இன்னொன்று: நைலான் நனைந்தால் தொய்யும், பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். நம் ஊருக்குப் பாலியெஸ்டர்.

கே: மழையே பெய்யவில்லை. காலையில் டென்ட்டுக்குள் நனைந்திருக்கிறது. ஓட்டையா? — வங்கி ஊழியர், நாகப்பட்டினம்

ப: ஓட்டை இல்லாததுதான் கோளாறு. தூங்குகிற ஓர் ஆளின் மூச்சிலும் தோலிலும் இரவு முழுக்க ஒரு டம்ளருக்குக் குறையாமல் நீர் ஆவியாகிறது. வெளியே போக வழியில்லாவிட்டால் அது குளிர்ந்த துணியில் படிந்து உங்கள் மேலேயே சொட்டும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். அதனால் ஒற்றைச் சுவர் டென்ட் இங்கே வேண்டாம். உள்ளே கொசுவலை, வெளியே தனி மேல்விரிப்பு, நடுவில் ஒரு சாண் இடைவெளி, மேலே காற்றுத் துவாரம். மழை இல்லாத இரவில் மேல்விரிப்பைக் கழற்றிவிட்டு வலையை மட்டும் போட்டுப் படுங்கள், நட்சத்திரம் இலவசம்.

கே: கடற்கரை மணலில் முளை அடித்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. — கீழவாஞ்சூர் வாசகர்

ப: மணலில் முளையை நிறுத்துவதைவிடப் புதைப்பது மேல். ஒரு சாக்குப்பையிலோ துணிப்பையிலோ மணலை நிரப்பி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். பை இல்லாவிட்டால் ஒரு சவுக்குக் கட்டையைப் படுக்கைவாட்டில் புதைத்தாலும் பிடிக்கும். எந்த முடிச்சுப் போடுவது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் ஊரில் வலை கட்டுகிற எவரும் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கே: கம்பி அலுமினியமா, ஃபைபர் கிளாஸா? — மெக்கானிக், அம்பகரத்தூர்

ப: நடந்து போனால் அலுமினியம், பைக்கில் போனால் ஃபைபர் கிளாஸ். பின்னது மலிவு, கனம்; உடைந்தால் சிலும்பாகப் பிளந்து கையிலும் குத்தும், துணியையும் கிழிக்கும். அலுமினியம் வளையும், நிமிர்த்தி, மேலே ஒரு குழாய்த் துண்டைச் செருகி ஊருக்குத் திரும்பிவிடலாம். ஆனால் உப்புக்காற்று அதை அரிக்கும். கடற்கரையில் படுத்து வந்தால் கம்பியையும் ஜிப்பையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

கே: கம்பியே இல்லாமல் கைத்தடியில் நிற்கும் டென்ட் வந்திருக்கிறதாமே, என்ன காலம் இது! — தமிழாசிரியை, காரைக்கால்

ப: சங்க காலம் அம்மா. முல்லைப்பாட்டைப் புரட்டுங்கள். வில்லை ஊன்றி, அதில் அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டு, கால் நட்டு, கயிறு இழுத்துக் கட்டிய பாசறை அதில் வருகிறது. பாடிய நப்பூதனார் நமக்கு வடக்கே, இதே கரையிலிருக்கும் காவிரிப்பூம்பட்டினத்துக்காரர். கையில் இருப்பதையே வீட்டுக்கும் பயன்படுத்துவது என்கிற யோசனை அப்போதே இருந்திருக்கிறது. இன்றைய நடைக்கோல் டென்ட் ஓர் ஆளுக்கு 1 கிலோவுக்குள் வரும். ஆனால் முளை பிடிக்காத இடத்தில் அது நிற்கவே நிற்காது. பாறையும் மணலும் அதற்கு ஆகாது.

கே: நம் ஊர் தையற்காரரிடமே தைத்துக்கொண்டால் என்ன? — சிக்கனவாதி, மேலவாஞ்சூர்

ப: உறை, மணல்பை, தார்ப்பாய்க்குக் கயிற்றுக் காது எல்லாம் தாராளமாகத் தைக்கலாம். முழு டென்ட் வேண்டாம். ஊசி போன ஒவ்வோர் இடமும் ஓர் ஓட்டை. அத்தனையையும் சிலிகான் பூசி அடைப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்.

கே: கீழவாஞ்சூர் கடற்கரையிலேயே ஓர் இரவு டென்ட் போடலாமா? — நண்பர்கள் குழு, தஞ்சாவூர்

ப: இங்கே 2009 முதல் துறைமுகம் இயங்குகிறது. அதன் மதிலோரம் டென்ட் போட்டால் விடியும்வரை விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மற்ற இடத்திலும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் படுங்கள். பௌர்ணமி, அமாவாசையில் அலை கூடுதலாக ஏறும்; கரையில் குப்பை ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. அந்த மாதங்களில் மணலை அவற்றுக்கு விட்டுவிடுங்கள். அவை உங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட்டன.

கே: மேற்கு மலையில் டென்ட்டோடு சுற்ற ஆசை. எங்கே போகலாம்? — ஐ.டி. ஊழியர், திருமலைராயன்பட்டினம்

ப: காட்டுக்குள் நினைத்த இடத்தில் போட முடியாது, அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள் உண்டு. பெரும்பாலும் காலையில் ஏறி அன்றே இறங்குகிற நடை, ஆகவே அதற்கு டென்ட் வேண்டாம். இமயத்துக்கு என்றால் யூத் ஹாஸ்டல்ஸ் சங்கத்தின் மலையேற்றத்தில் டென்ட்டை அவர்களே தருகிறார்கள். முதல் பயணம் அப்படிப் போய்வந்துவிட்டு, பிறகு வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

கே: மழை பெய்தால் டென்ட்டுக்குள்ளேயே அடுப்பு பற்றவைத்து டீ போடலாமா? — டீப் பிரியர், நாகூர்

ப: அது கடைசி டீயாக இருக்க வேண்டாம். நைலானும் பாலியெஸ்டரும் உருகி உடம்பில் ஒட்டும். தீயே பிடிக்காவிட்டாலும் மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நாகூரில் இருந்துகொண்டு டீக்கு அடுப்பு தேடுவது உங்கள் ஊருக்கே அவமானம்.

கே: எனக்கு 65 வயது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்கிறாள் மருமகள். — குடும்பத் தலைவி, காரைக்கால்

ப: மருமகளிடம் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். 1955-இல், 67 வயதில், சுமார் 3,300 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். பதினொரு பிள்ளைகளின் தாய். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் அவரே தைத்த பை, மழைக்குக் குளியலறை பிளாஸ்டிக் திரை. டென்ட் கிடையாது. முழங்கால் மருத்துவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதீர்கள்.

கே: போன வருஷம் பரணில் போட்ட டென்ட் பிசுபிசுவென்று நாறுகிறது. — அரசு ஊழியர், நிரவி

ப: ஈரத்தோடு சுருட்டியிருக்கிறீர்கள். துணியின் உள்பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்து ஒட்டத் தொடங்கிவிட்டது. இனி அதை மீட்பது கஷ்டம். அடுத்த டென்ட்டை நிழலில் முழுதாகக் காயவைத்து, இறுக்கிச் சுருட்டாமல் பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். நம் கரையில் டென்ட்கள் மலையில் கிழிவதைவிட வீட்டுப் பரணில் சாவது அதிகம்.

கே: புயலைத் தாங்கும் டென்ட் இருக்கிறதா? — மீனவர், பட்டினச்சேரி

ப: கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் கரையேறியபோது ஓட்டு வீடுகளே நிற்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் டென்ட்டைச் சுருட்டுங்கள், கான்கிரீட் கட்டடத்துக்குப் போங்கள்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதைத்தான் வாங்குவது? — பொறுமையிழந்தவர், கீழவாஞ்சூர்

ப: வேளாங்கண்ணி நடைக்கு மட்டும் என்றால் எதுவும் வேண்டாம், வலையும் தார்ப்பாயும் போதும். வருஷத்தில் நாலைந்து இரவாவது வெளியே படுப்பவர் என்றால்: இரண்டு பேர் டென்ட், இரட்டைச் சுவர், வலை உள்கூடு, தரைவரை இறங்கும் பாலியெஸ்டர் மேல்விரிப்பு, அலுமினியக் கம்பி, முழு எடை 2 கிலோவுக்குள். இதற்கும் கீழே 300 கிராம் குறைப்பதற்காக இரண்டு மடங்கு பணம் கொடுக்காதீர்கள். பைக்குள் இருக்கும் தேவையில்லாத பொருளை எடுத்து வெளியே வைத்தால் அதே எடை இலவசமாகக் குறையும். பணம் கட்டும் முன் யாரிடமாவது ஒரு டென்ட் இரவல் வாங்கி, ஐப்பசி மழையில் உங்கள் மொட்டைமாடியிலேயே ஓர் இரவு படுங்கள். விடியும்வரை உள்ளே இருந்தால் வாங்கலாம். பாதி ராத்திரியில் படியிறங்கி வந்துவிட்டால், பணம் மிச்சம்.