வேடம் சிறுத்துப்போதல்: கைச்செய் ஹாலோவீன் உடைகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அக்டோபர் 31 மாலை அமெரிக்க வீட்டு வாசல்களில் மணியடித்து மிட்டாய் வாங்கும் சிறுவர்களைப் பற்றி எழுதும் அறிஞர்கள், கெல்ட்டியரின் சம்ஹைன் விழாவில் தொடங்கி, ஐரிஷ்காரர்களோடும் ஸ்காட்லாந்துக்காரர்களோடும் கப்பலேறி, சர்க்கரை வியாபாரத்தில் வந்து இறங்குவார்கள். அத்தோடு கட்டுரை முடிந்துவிடும். வாசலில் நிற்கும் டைனோசரின் வாலைச் சமையலறை மேசையில் நள்ளிரவு வரை உட்கார்ந்து ஒட்டியவர் யார், அந்த வால் எந்த வயதில் அறுந்து விழுகிறது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அக்குறை தீர்க்க எழுந்ததே இந்நூல்.

எல்லையை முதலில் வரையறுப்போம். கைச்செய் உடை எனப்படுவது, வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு, வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர், முடியாது என்று சொல்ல வாய் வராமல் ஒப்புக்கொண்டு செய்வது. கடையில் வாங்கிய உடைக்குக் கை மட்டும் மடித்துத் தைத்தால் அதுவும் இதில் அடங்குமோ எனின், அடங்கும் என்பார் தைத்தவர். அடங்காது என்பார் பணம் கொடுத்தவர். இருவரும் ஒருவரே ஆகிய வீடுகளில் இச்சிக்கல் எழுவதில்லை.

இது பாட்டி காலத்துப் புனித மரபு என்று கண் கலங்குவோர் 1909ஆம் ஆண்டை நினைவில் கொள்க. அந்த ஆண்டில்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்து டென்னிசன் நிறுவனம் ‘போகி புக்’ என்ற கையேட்டை முதன்முதலாக வெளியிட்டது. ஹாலோவீன் அலங்காரத்துக்கும் உடைக்கும் யோசனை சொன்ன அந்த வரிசை நூல்கள், எதைச் செய்யச் சொன்னாலும் க்ரேப் காகிதத்தால் செய்யச் சொல்லும். காரணம் எளிது: டென்னிசன் விற்றது க்ரேப் காகிதம். ஆக, தாயன்பின் அடையாளமாகப் போற்றப்படும் இக்கலையின் ஆதிநூல்களில் ஒன்று, சரக்கைத் தள்ளிவிட ஒரு வியாபாரி போட்ட புத்தகம். அந்தக் காகிதமோ ஈரம் பட்டால் சாயம் விடும், மெழுகுவத்திப் பக்கம் போனால் பற்றிக்கொள்ளும். தூறல் போட்ட ஆண்டில் உடையின் நிறம் முழுவதும் பிள்ளையின் கழுத்தில் வந்து சேர்ந்திருக்கும்.

பிறகு வந்தது பெட்டி யுகம். புரூக்ளினைச் சேர்ந்த பென் கூப்பர் போன்ற நிறுவனங்கள் மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி, அதைக் காதோரம் இறுக்கும் ரப்பர் நாடா, மழைக்கோட்டு போலச் சரசரக்கும் மேலங்கி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தன. பல மேலங்கிகளில் அந்தந்தப் பாத்திரத்தின் படமும் பெயரும் நெஞ்சிலேயே அச்சிட்டிருக்கும். தன் படத்தைத் தன் நெஞ்சிலேயே தாங்கித் திரியும் வீரனை எந்தக் காவியத்திலும் யாம் கண்டதில்லை. தேர்தல் காலத்தில் கண்டிருக்கிறோம்.

கைச்செய் உடையின் மேன்மைக்கு இலக்கியச் சான்று வேண்டுவோர்க்கு ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) போதும். அதில் சிறுமி ஸ்கவுட், ஹாலோவீன் இரவில் நடக்கும் பள்ளி நிகழ்ச்சிக்குப் பதப்படுத்திய பன்றித்தொடையாக வேடம் கட்டுகிறாள். ஊர்த் தையற்கார அம்மாள் ஒருவர் கோழிக்கூண்டுக் கம்பிவலையை வளைத்து, பழுப்புத் துணி போர்த்தி, வண்ணம் தீட்டிக் கொடுத்த உடை அது. திரும்பி வரும் வழியில் இருட்டில் ஒருவன் கத்தியோடு பாய்கிறான். கம்பிவலை கத்தியைத் தாங்கிக்கொள்கிறது. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் அங்கி இதைச் செய்திருக்குமா என்று எதிர்க்கட்சியார் சொல்லட்டும். அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் 1966இல் வந்த சார்லி பிரவுன் ஹாலோவீன் தொலைக்காட்சிப் படம். படுக்கை விரிப்பில் கண்ணுக்கு ஓட்டை போடப்போய் உடம்பெல்லாம் ஓட்டையான பேயாக வரும் சார்லிக்கு வாசல்தோறும் கல்தான் கிடைக்கிறது. ஆனால் பெரியவர்கள் முகமே காட்டாத கதையுலகம் அது. கத்தரிக்கோலைப் பிடுங்க ஆளில்லாத இடத்தில் நடந்ததற்குக் கலையைக் குறை சொல்வது முறையன்று.

தட்பவெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எவ்வேடமும் கோட்டுக்குள் அடக்கம் என்பது வட மாநிலங்களின் பொதுவிதி. 1991 ஹாலோவீன் அன்று மினசோட்டாவில் பிடித்த பனிப்புயல், மினியாப்பொலிஸ் பகுதியில் 28 அங்குலத்துக்கு மேல் கொட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது. அந்த மாலை வெளியே கிளம்பிய பட்டாம்பூச்சிக்கும் கடற்கொள்ளையனுக்கும் வேறுபாடு கோட்டின் நிறம் மட்டுமே. விவரமான தாய்மார் கோட்டுக்கு மேலே போடும்படி இரண்டு அளவு பெரிதாகத் தைப்பார்கள். ஆகவே அந்தப் பக்கத்து இளவரசிகள் சற்றுப் பூசினாற்போல் இருப்பார்கள். வெளிச்சமும் சேர்ந்து சதி செய்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பயனாக 2007 முதல் கோடைக்கால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்கிறது. ஹாலோவீன் மாலைக்கு ஒரு மணி நேர வெளிச்சம் கூடிற்று. பிள்ளைகள் வண்டியில் அடிபடாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பசை வழிந்த இடத்தை முன்பு இருட்டு மூடிக்கொடுத்தது; இப்போது எதிர்வீட்டு அம்மாள் கிட்டே வந்து பார்க்கிறார்.

இனி நம் மையக் கோட்பாடு. உடை செய்பவரின் திறன் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. அணிபவரின் விருப்பம் ஒரு வயதுவரை ஏறிப் பிறகு சரிகிறது. இரண்டும் சமமாக நிற்கும் காலம் மிகக் குறைவு.

பூசணிக்காய் ஆக்கப்படும் கைக்குழந்தைக்குச் சொந்தக் கருத்து கிடையாது. ஆரஞ்சுத் துணிப்பையில் தலை வெளியே வந்தால் வேலை முடிந்தது. இந்த இடத்தில் தமிழ்ப் பெற்றோருக்கு முன்பயிற்சி உண்டு என்பதையும் பதிவு செய்ய வேண்டும்: பள்ளி மாறுவேடப் போட்டிக்காகக் கண்மையால் மீசை வரையப்பட்டு, வேட்டித் துண்டில் தலைப்பாகை கட்டப்பட்டு, மேடையில் வசனம் மறந்த பாரதியார்கள் பலர் இன்று நியூ ஜெர்சியில் அப்பாக்களாக இருக்கிறார்கள். ஆனால் பாரதியாருக்கு விளக்கு எரிய வேண்டியதில்லை. நான்கு வயதில் கருத்து முளைத்துவிடும். 29ஆம் தேதி வரை தீயணைப்பு வீரன், 30ஆம் தேதி காலையில் தீயணைப்பு வண்டி.

ஏழு வயது ரோபோவைச் சற்று விரிவாகக் காண்போம், ஏனெனில் இத்துறையின் பிழைகள் அனைத்தும் அதில் அடக்கம். மைக்ரோவேவ் அடுப்பு வந்த பெட்டி உடம்பு. தம்பியின் டயாப்பர் பெட்டி தலை. துணி உலர்த்தும் எந்திரத்துக்குப் பின்னால் மாட்டும் வெள்ளிநிற மடிப்புக் குழாய் இரண்டு கை. தயிர் டப்பா மூடிகள் பொத்தான்கள். மேலே அலுமினியத் தாள். சுற்றி முடித்ததும் வீடே தள்ளி நின்று வியக்கிறது. கார்க் கதவைத் திறந்த பிறகுதான் ரோபோவால் உட்கார முடியாது என்று தெரிகிறது. நடந்தே போகிறார்கள். குழாய்க் கை மடங்கும், மேலே எழாது. அழைப்பு மணியைப் பக்கத்து வீட்டு இளவரசி அடித்துத் தர வேண்டும். பெட்டி முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் சொந்தக் கால் தெரியாது. எனவே ஒவ்வொரு வாசலிலும் அப்பா பின்னால் நின்று ‘படி, படி’ என்கிறார், வருடம் முழுவதும் சொல்வதுபோலவே. பாதித் தெருவில் ஒன்றுக்கு வருகிறது. கழிவறையை முன்கூட்டி யோசித்த ரோபோ இந்த ஆய்வில் ஒன்றுகூட அகப்படவில்லை.

இத்தனை அடியும் பட்டுத்தான் திறன் வளர்கிறது. சூட்டுப் பசைத் துப்பாக்கியால் விரல் பொசுங்காமல் ஒட்டுவது, கழுத்துப் பக்கம் அட்டை அறுக்காமல் டேப் மடிப்பது, ஃபெல்ட் துணியின் ஓரம் பிரியாது என்பதால் தைக்காமலே தப்பிப்பது, உட்காரும் இடத்தில் பெட்டியை வெட்டிவிடுவது என்று கைக்குப் பக்குவம் வந்து, பரணில் எல்லா நிறத்திலும் ஃபெல்ட் சேர்ந்திருக்கும் அந்த ஆண்டில் பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. நியூ ஜெர்சித் தமிழ் வீடுகளில் அப்போது கேட்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படி அமையும்:

“இந்த வருஷம் என்ன வேஷம்டா?”

“சும்மா ஹூடி போட்டுக்கிறேம்மா.”

“ஹூடி ஒரு வேஷமாடா?”

“யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

இதைக் கேட்டதும், பையன் வளர்ந்துவிட்டான், மிட்டாய் வாங்கப் போகும் வயது கடந்துவிட்டது என்று முடிவு கட்டுவது வழக்கம். யாம் மறுக்கிறோம். அதே மாலை அந்தப் பையன் அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு போவது வீட்டிலேயே பெரிய தலையணை உறை. மிட்டாய் ஆசையில் துளியும் குறையவில்லை. அவன் தாண்டிவிட்டது, ஒருவர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, ஊக்கு குத்தப்படும்வரை அசையாமல் இருப்பதைத்தான். மிட்டாய்க்கு ஓரிரண்டு ஆண்டு முன்னதாகவே இது போய்விடுகிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் வீட்டில் தேவையற்ற பெருமூச்சு.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறியாது. வர்ஜீனியா மாநிலத்துச் செசபீக் நகரில் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர் ஹாலோவீன் மிட்டாய் வாங்கப் போவது குற்றமாக இருந்தது. ஏட்டளவில் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமிருந்தது. 2019இல் வயதைப் பதினான்காக உயர்த்தி, சிறையை நீக்கினார்கள். ஆனால் வாசலில் மிட்டாய்க் கிண்ணத்தோடு நிற்பவர் யாரிடமும் பிறந்த தேதி கேட்பதில்லை, உடையைத்தான் பார்க்கிறார். அரும்பு மீசையோடு ஆறடி உயரப் பையன் ஒருவன், குளிர்பானம் விற்கும் எந்திரமாக, நாணயத் துளை முதல் பாட்டில் விழும் சன்னல்வரை அட்டையில் வெட்டி மாட்டிக்கொண்டு வந்தால் அவன் குழந்தை. கிண்ணத்தோடு நீட்டுகிறார்கள். அவனைவிட இரண்டு வயது இளையவன், சற்று வளர்த்தி, வெறும் ஹூடியில் வந்தால், “நீ என்ன வேஷம்?” என்ற விசாரணை. ஆகவே கைச்செய் உடையே இங்கு செல்லத்தக்க வயதுச் சான்றிதழ். ஹூடிக்காரனுக்கும் மிட்டாய் கொடுத்துவிட வேண்டும் என்பது எம் தனிப்பட்ட கருத்து. கொடுக்காவிட்டால் அவன் நம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததிலிருந்து பங்கு கேட்பான்.

மேற்சொன்ன எந்திரத்தைச் செய்தது அம்மா அல்லர் என்பதும் குறிக்கத்தக்கது. பதினைந்து வயதில் சில பிள்ளைகளுக்கு வேட ஆசை திரும்பி வருகிறது, ஆனால் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே டக்ட் டேப் கிழியும் சத்தம். திறனின் உச்சியில் நிற்கும் தாய்க்கு வரும் ஒரே அழைப்பு, “அம்மா, கறுப்பு ஃபெல்ட் எங்க வச்சீங்க?”

ஃபெல்ட் தீர்ந்தால் எங்கே போவது என்பதும் இன்று பெரும் கேள்வி. 1943இல் ஓஹாயோவில் தொடங்கி நாடெங்கும் துணியும் நூலும் விற்ற ஜோஆன் கடைகள் 2025இல் முற்றாக மூடப்பட்டன. காலியாகக் கிடக்கும் கடைகளில் பருவத்துக்கு மட்டும் முளைத்து, ஆயத்த வேடங்களை விற்று, நவம்பரில் மறையும் ஸ்பிரிட் ஹாலோவீன் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. விதி விளையாடுகிறது என்று எழுத ஆசை. ஆராய்ச்சி நூலில் அப்படி எழுதக்கூடாது.

மிஞ்சிய ஃபெல்ட்டையும் மிஞ்சிய திறனையும் என்ன செய்வது என்பது மேலாய்வுக்குரியது. இப்போதைக்கு வீட்டு நாயிடம் முயற்சி நடக்கிறது. நாய் வளர்ந்து முடித்தபின் அளவு மாறாது, கடைசி நாளில் தீயணைப்பு வண்டி ஆக வேண்டும் என்று அடம் பிடிக்காது, ஹூடி கேட்காது. முதற்கட்டமாகப் பூசணிக்காய் உடை மாட்டப்பட்டபோது நான்கு காலையும் விறைத்துக்கொண்டு சிறிது நேரம் சுவரைப் பார்த்தது, பிறகு நடந்தது. உடம்புப் பகுதியை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே கருதுகிறோம். காம்பு வைத்த தொப்பியை மட்டும் முன்காலால் இழுத்துத் தள்ளிவிடுகிறது. அதற்கு மோவாய்க்குக் கீழே எலாஸ்டிக் கொடுத்துப் பார்க்க உத்தேசம்.