ரேஷியோ அண்ணன்

புதுச்சேரியில் ரேஷன் கடைகள் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தபோதும் அரியாங்குப்பத்தில் ரேஷியோவுக்குப் பஞ்சம் வந்ததில்லை. கடலூர் ரோட்டு டீக்கடை எதில் ஒதுங்கினாலும் ஒரு ரேஷியோ அண்ணன் இருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் கண்ணாடி விரிசல் விட்ட செல்போன், அதில் சிவப்பிலோ பச்சையிலோ நெளியும் ஒரு கோடு. டீயில் ஆடை படிந்தாலும் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

அவரிடம் போய், "எந்த ஃபண்ட்ல போடலாம் அண்ணே?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"ரிட்டர்ன் மட்டும் பாக்கறவன் ஏமாளி தம்பி. எடுத்த ரிஸ்குக்குத் தக்க ரிட்டர்ன் வந்துச்சான்னு பாக்கணும்."

நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. ஆபத்தே அதுதான். வடை கட்டிய பேப்பரில் எண்ணெய் படாத மூலையாகப் பார்த்துக் கணக்குப் போடுவார். துறை ஃபண்ட் ஒன்று ஆண்டுக்கு 18 சதவீதம் தந்தது. அதன் ஆட்டம், அதாவது பத்தாம் வகுப்பில் நம்மைப் பயமுறுத்திய அதே திட்ட விலக்கம், 24. பல துறைகளில் பிரித்துப் போடும் ஃபண்ட் தந்தது 14, விலக்கம் 12. ரிஸ்க் இல்லாமலே கிடைக்கிற 6 சதவீதத்தை இரண்டிலும் கழித்து, விலக்கத்தால் வகுத்தால் முதலாவதற்கு 0.5, இரண்டாவதற்கு 0.67.

"பாத்தியா? கம்மியா சம்பாதிச்சவன்தான் கெட்டிக்காரன். இந்த ரேஷியோவை 1966-லயே வில்லியம் ஷார்ப் சொல்லிட்டாரு. 1990-ல நோபல் பரிசே குடுத்துட்டாங்க." பரிசு முக்கியமாக அவருடைய இன்னொரு கோட்பாட்டுக்கு. டீக்கடையில் அதை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

சரி, அண்ணன் பணம் போட்டிருப்பது எதில்? அந்த 0.5 ரகத்தில்தான். தாலி கட்டிவிட்டு ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர் அவர். பொருந்தவில்லை என்றால் ஜோசியரை மாற்றுவார்.

அவருடையது பார்மா ஃபண்ட். 2017-ல் செபி வகுத்த விதிப்படி, துறை ஃபண்ட் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அந்த ஒரே துறையில் வைத்தாக வேண்டும். துறை படுத்தால் ஃபண்ட் மேனேஜர் ஓடி ஒளிய இடமில்லை. அண்ணனுக்கு இதில் கவலை கிடையாது. "காலாப்பட்டுலயே மருந்து கம்பெனி இருக்கு. நமக்குத் தெரியாத துறையா?" காலாப்பட்டு பஸ் ரூட் தெரிவதும் அமெரிக்க மருந்துச் சந்தை தெரிவதும் அவருக்கு ஒன்றே. அங்கே ஜெனரிக் மருந்து விலை சரிந்தது, எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. 2016 முதல் 2019 வரை நான்கு ஆண்டும் நிஃப்டி பார்மா குறியீடு இறக்கத்திலேயே முடிந்தது. பிறகு கொரோனா வந்தது. 2020-ல் ஒரே ஆண்டில் சுமார் 60 சதவீதம் ஏறியது.

ஆகவே அண்ணனின் உலக வரலாறு 2020 மார்ச்சில் தொடங்குகிறது. பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டி, ரோமானியர் காலத்து வியாபாரக் கணக்கையே வெளியே எடுத்துப் போட்டார். அண்ணனை 2019 வரைக்கும் தோண்டச் சொல்லுங்கள் பார்ப்போம், மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவார்.

மார்க்கெட் ஏறுகிற மாதத்தில் அவர் ஷார்ப்பை மறந்து வெறும் ரிட்டர்னைச் சொல்வார். குதிக்கிற மாதத்தில் சார்ட்டினோ ரேஷியோ: "மேல போற ஆட்டத்தை ரிஸ்க்னு சொல்லலாமா? கீழ போறத மட்டும் எண்ணணும்." இதுவும் நியாயம்தான், கேட்கிறவர் தலையாட்டத்தான் வேண்டும். விழுகிற மாதத்தில், "பத்து வருஷ ரோலிங் ரிட்டர்ன் பாருங்க." 2020-ல் தொடங்கிய வரலாற்றில் பத்து வருஷம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், எல்லோருக்கும் டீ சொல்லிவிடுவார். நம் கணக்கில்.

அவரைக் கொஞ்சமாவது அசைத்துப் பார்ப்பவர், டீக்கடை பெஞ்சில் உட்காரும் சொல்தா ஐயா ஒருவர்தான். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். யூரோ விலையைத் தவிர எதையும் பார்க்காதவர். பார்மா ஃபண்டும் சரி, பல துறை ஃபண்டும் சரி, ஒரு வருஷமாகப் பைசா ஈட்டாமல் கிடந்த சமயம். அண்ணன் பேப்பரும் பேனாவுமாக வெற்றிச் சிரிப்போடு வந்தார்.

"ரெண்டும் பூஜ்யம் ஐயா. ஆறைக் கழிச்சா மைனஸ் ஆறு. அவனுக்கு விலக்கம் 12, வகுத்தா மைனஸ் 0.5. நமக்கு 24, மைனஸ் 0.25. நாமதான் மேல!"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பார்த்தார். "ஏம்ப்பா, ரெண்டு பேரும் ஒண்ணும் சம்பாதிக்கல. ஒன்னுது ரெண்டு மடங்கு ஆடியிருக்கு. அதனால ஒனக்கு மார்க்கு ஜாஸ்தியா?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப 48 ஆடியிருந்தா?"

"மைனஸ் 0.125. இன்னும் மேல."

"அப்ப இன்னும் நல்லா ஆடச் சொல்லேன்!"

"ஃபண்ட் கம்பெனிக்கு நேத்தே மெயில் போட்டுட்டேன் ஐயா. பதில்தான் வரல."